நாலு நிறச் சீட்டும் ஒரு கணக்குப் படிவமும்: உள்ளாட்சித் தேர்தல் பணி என்றால் என்ன?

பாலக்கோட்டில் இருக்கும் அக்கா மகள் போன் செய்தாள். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வேலை தேடுகிறவள். "மாமா, எலெக்‌ஷன் பூத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறாங்களே, அதுக்கு எங்க அப்ளிகேஷன் போடணும்?" அமெரிக்காவில் ஊர்க்காரர்களே விண்ணப்பம் போட்டு, பயிற்சி எடுத்து, ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு வாக்குச்சாவடியில் உட்காருவதை ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள்.

"நம்ம ஊர்ல அப்ளிகேஷன் போட்டு யாரும் போறதில்ல பாப்பா. ஆர்டர்தான் ஆளைத் தேடி வரும்" என்றேன். அவளுக்கு ஏமாற்றம். எனக்கோ சிரிப்பு. அந்த ஆர்டர் கைக்கு வந்ததும் அதிலிருந்து தப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேடி ஓடுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். பட்டியலைப் புரட்டும் அலுவலராகவும் இருந்திருக்கிறேன், சாவடித் தலைமை அலுவலராகவும் இருந்திருக்கிறேன். அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது அது அல்ல. அதற்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனி அமைப்பு இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள்தான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒரு ஆணையம் வேண்டும் என்றன. அந்த ஆணையத்துக்கென்று ஊர் ஊராகச் சொந்த ஊழியர்கள் கிடையாது. அது கேட்கும்போது ஆளுநர் ஆட்களைக் கொடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243கே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்த 'ஆட்கள்' நாங்கள்தான்: அரசு ஊழியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள். மாவட்ட ஆட்சியர் மாவட்டத் தேர்தல் அலுவலராகிறார். துறை துறையாகப் பட்டியல் வாங்கி, கணினியில் கலைத்துப் போடுகிறார்கள். யாருக்கு எந்த ஒன்றியம் என்று அதுதான் முடிவு செய்யும். சொந்த ஊரும் வேலை பார்க்கும் ஊரும் பொதுவாகக் கிடைக்காது. உடல்நிலை, கர்ப்பம், கைக்குழந்தை போன்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்கலாம். காரணமில்லாமல் போகாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

இன்னொரு வேறுபாடு, தேர்தலே இரண்டு வகை. நகரத்தில், அதாவது ஓசூர் மாநகராட்சி, தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகள், பேரூராட்சிகளில், வாக்காளருக்கு ஒரே ஓட்டு. வார்டு கவுன்சிலருக்கு மட்டும். மேயரையும் தலைவரையும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் இதற்கு மின்னணு இயந்திரம்தான். நோட்டா கிடையாது. "நோட்டா பட்டன் எங்க சார்?" என்று கேட்ட இளைஞர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலித்தது. பட்டன் அழுத்தினால் பீப் சத்தம், முடிந்தது. அந்த வேலையைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை.

கிராமம்தான் விஷயம். அங்கே ஒருவருக்கு நாலு ஓட்டு, அதுவும் பழைய முறையில், சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுவது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரு மாவட்டங்களும் அப்படித்தான் ஓட்டுப் போட்டன. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு. ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் இரண்டாவது வார்டுக்கு நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் குழு வார்டு உறுப்பினருக்குப் பச்சை. மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிகள் வரும். எங்காவது வார்டு உறுப்பினர் போட்டியின்றி வந்துவிட்டால் அந்த வார்டுக்காரர்களுக்கு மூன்று சீட்டுதான். "எனக்கு மட்டும் ஒண்ணு கொறையுதே சார்?" என்று சண்டைக்கு வருவார்கள். கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டிவைத்தாலும் யாரும் படிப்பதில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும்.

நாலு சீட்டுக் கொடுக்க வேண்டியிருப்பதால் சட்டமன்றத் தேர்தலைவிட இங்கே அறைக்குள் ஆட்கள் அதிகம். தலைமை அலுவலர் ஒருவர், அவருக்குக் கீழே வாக்குப்பதிவு அலுவலர்கள். ஒருவரிடம் வாக்காளர் பட்டியல். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கேட்கும்படி பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பவர் அவர்தான். படித்ததும் பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே கோடு போடுவார். பெண் என்றால் ஒரு டிக் குறியும் சேர்த்து. மாலையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று சொல்வது இந்த டிக்கை எண்ணித்தான். அடுத்தவர் விரலில் மை வைப்பார். அந்த மை மைசூரில் கர்நாடக அரசின் பெயின்ட் நிறுவனத்தில் தயாராவது. ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "மைசூர்லேந்து மைகூட வந்துடுது, பக்கத்துல இருக்கற பெங்களூர்லேந்து ஆளுங்க வரல" என்பார், பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு ஓட்டுப் போட வராதவர்களை மனதில் வைத்து. அதன்பிறகு சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர்கள். கடைசியாகப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர்.

இந்த வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் சொல்வது: ஓட்டு வாங்குவது அல்ல, சீட்டுக்குக் கணக்கு வைப்பது. ஓட்டு ஊர்க்காரர் போடுகிறார். எண்ணுவது வேறு நாள், வேறு ஆட்கள். நடுவில் நமக்குக் கொடுத்த ஒவ்வொரு காகிதமும் எங்கே போனது என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நம் பொறுப்பு. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்று மணி நேரம் பவர்பாயின்ட் ஓட்டி, படிவங்களின் எண்களை அடுக்கி, கடைசியில் டீ வரும்போது சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் அதற்குள் தூங்கிவிட்டிருப்பார்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டு உங்களுக்கு 700 வந்திருக்கிறது. வரிசை எண் 2801 முதல் 3500 வரை. மாலை ஓட்டுப்பதிவு முடிந்ததும் கட்டைப் பார்க்கிறீர்கள். 3338 வரை கிழிந்திருக்கிறது. அப்படியானால் 538 சீட்டுக் கிழிந்தது. இதில் மூன்று பேர் முத்திரையை எங்கோ குத்திவிட்டு, "தப்பாப் போச்சு சார், வேற குடுங்க" என்று திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கினார்கள். கெட்டுப்போன அந்த மூன்றையும் தனி உறையில் வைத்திருப்பீர்கள். ஆக, பெட்டிக்குள் 535 இருக்க வேண்டும். பட்டியலில் கோடு போட்ட பெயர்களையும் எண்ணிப் பாருங்கள், 535 வர வேண்டும்.

இதற்கு நடுவில் ஒருவர் வந்தார். பட்டியலில் அவர் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது. விரலிலோ மை இல்லை. அவர் பெயரில் யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கேள்வி கேட்டு, ஆள் அவர்தான் என்று தெரிந்தால் ஆய்வுக்குரிய வாக்கு என்று ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். டெண்டர் ஓட்டு என்று சொன்னால்தான் எங்களுக்கே புரியும். அந்தச் சீட்டைக் கட்டின் கடைசியிலிருந்து, 3500-ஐ எடுத்துக் கொடுக்கிறோம். அவர் குத்திக் கொடுத்ததும் அது பெட்டிக்குள் போகாது. தனி உறையில் போகும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டு, "என் ஓட்ட மட்டும் கவர்ல போடறீங்களே" என்று ஒரு பெரியவர் என் மேசையைத் தட்டியது நினைவிருக்கிறது. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இப்போது கூட்டுங்கள். பெட்டியில் 535, கெட்டது 3, ஆய்வுக்குரியது 1, கிழிக்காமல் மிச்சம் 161. மொத்தம் 700. சரியாக வந்தால் கணக்குப் படிவத்தில் எழுதலாம், இளஞ்சிவப்பு முடிந்தது. இனி வெள்ளை, பச்சை, மஞ்சள். இரண்டு வார்டு என்றால் நீலமும். வெள்ளையும் நீலமும் சேர்ந்தால்தான் ஊராட்சித் தலைவர் கணக்குக்குச் சமமாகும் என்பது முதல் தடவை போகிறவர்களுக்குச் சட்டென்று உறைக்காது. ராத்திரி எட்டு மணிக்கு, பசியில், தலை சுற்றும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அக்கா மகளும் கேட்டாள். வார்டு உறுப்பினர் தேர்தலில் சில நூறு ஓட்டுதான் மொத்தமே. அண்ணன் தம்பி, பங்காளிகள் எதிரெதிரே நிற்பார்கள். ஒரு ஓட்டில் ஜெயிப்பதும் நடக்கும், சமமாக வந்து குலுக்கல் போடுவதும் நடக்கும். ஒரு ஓட்டுக் குறைந்தால் நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கும் தெரியாது. இங்கே அது ஒருவருடைய பதவி.

சீட்டு எப்படிக் காணாமல் போகும்? திருட்டெல்லாம் அபூர்வம். 2019-ல் எங்கள் சாவடியில் ஒரு பாட்டி. நாலு சீட்டையும் வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். வந்து பெட்டியில் போட்டார். பெட்டியருகே இருந்த எங்கள் தங்கை (சத்தியமாகத் தங்கை இல்லை, வேறு பள்ளியின் இளம் ஆசிரியை, ஒரே நாளில் எல்லாரும் அண்ணன் தங்கை ஆகிவிடுவோம்) மூன்று நிறம்தான் விழுந்தது என்று கவனித்தார். "பாட்டி, மஞ்சள் எங்க?"

"அது இருக்கட்டும் கண்ணு. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. பேரன்கிட்ட கேட்டுட்டு வந்து போடறேன்" என்று முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

மாவட்ட ஊராட்சி வார்டு என்பது பல ஊராட்சிகள் சேர்ந்தது. வேட்பாளர் முகத்தை ஊர் பார்த்திருக்காது. பாட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மஞ்சள் சீட்டு வாசல் தாண்டியிருந்தால், கிழித்தது ஒரு எண்ணிக்கை, பெட்டியில் இருப்பது ஒன்று குறைவு; அது எண்ணும் நாளில்தான் தெரியும், அப்போது நாங்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். நைசாகப் பேசி, யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் குத்தாமலேயே மடித்துப் போடலாம் என்று சொல்லி வாங்கினோம். அதனால்தான் சொல்கிறேன், பெட்டிக்கு அருகில் சுறுசுறுப்பான ஆளை உட்கார வையுங்கள். வயதானவர், கால் வலிக்காரர் என்று அந்த நாற்காலியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பு.

வேலை தொடங்குவது ஓட்டுப்பதிவு நாளில் அல்ல, முதல் நாள். காலையில் ஒன்றிய அலுவலகத்துக்கோ அவர்கள் சொல்லும் பள்ளிக்கோ போக வேண்டும். எந்தச் சாவடி என்று அங்கேதான் தெரியும். என் நண்பர் ஒருவருக்கு ஒரு முறை வந்தது பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை. வட்டுவனஅள்ளி ஊராட்சியைச் சேர்ந்தது. சாலை இல்லாத காலத்தில் தேர்தல் பொருட்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனதற்குப் பெயர்போன ஊர். ஷூ போட்டுக்கொண்டு வந்த மனிதர், செருப்புக் கடன் கேட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் தளி, அஞ்செட்டி வட்டாரம் என்றால் யானை பயம் வேறு. பெட்டி சாவடிக்குப் போய்ச் சேருவதை இருட்டுவதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு இரண்டும் தெரியாது. ஆனால் 'நாலு' என்பது தெலுங்கில் நாலுகு, கன்னடத்தில் நால்கு. விரலை மடக்கிக் காட்டினால் போதும்.

சாமான்கள் வாங்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். வேன் கிளம்புது, வேன் கிளம்புது என்று கத்துவார்கள், கத்தட்டும். பெட்டி மூடித் திறக்கிறதா, பட்டியல் உங்கள் வார்டுக்குரியதுதானா, ஒவ்வொரு நிறச் சீட்டின் தொடக்க எண்ணும் கடைசி எண்ணும் என்ன, நடுவில் ஏதாவது எண் விட்டுப்போயிருக்கிறதா, எல்லாவற்றையும் அங்கேயே தரையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முறை நான் பச்சைக் கட்டில் எண்களைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். ராத்திரி பள்ளிக்கூடத்தில் பிரித்தால் நடுவில் ஒரு கட்டுக் குறைகிறது. பல சாவடிகளைக் கவனிக்கும் மண்டல அலுவலருக்குப் போன் மேல் போன். அவர் ஜீப் வந்து மாற்றிக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு. தப்பு கொடுத்தவருடையதும்தான், என்னுடையதும்தான். அரக்கு, மெழுகுவர்த்தி, சணல், முத்திரை, ஸ்டாம்ப் பேட், கார்பன் பேப்பர், எண்ணற்ற உறைகள் எல்லாம் பையில் இருக்கும். தீப்பெட்டியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பையில் இருப்பது நமத்திருக்கும்.

ராத்திரி தங்குவது அதே வகுப்பறையில். டிசம்பர் குளிர் நம் பக்கம் லேசானதல்ல, போர்வை அவசியம். சாப்பாட்டுக்கு ஊராட்சிச் செயலரோ, கிராம உதவியாளரோ ஏற்பாடு செய்வார்கள். களியும் கீரைக் குழம்பும் கிடைத்தால் யோகம். வேட்பாளர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒருவரிடம் வாங்கியதை மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கப் பேசும்.

சீட்டின் பின்பக்கம் சாவடிக்கென்று உள்ள தனிக்குறி முத்திரையும் தலைமை அலுவலரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இல்லாமல் கொடுத்தால் எண்ணும்போது தகராறு. நாலு நிறத்திலும் போட்டுப் போட்டு விரல் மரத்துவிடும். நான் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் அளவு மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கூட்டத்தைப் பார்த்துப் போடுவேன். எல்லாவற்றிலும் முன்கூட்டியே போட்டுவைப்பது வசதிதான். ஆனால் மாலையில் கையெழுத்தான வெற்றுச் சீட்டு நூற்றுக்கணக்கில் மிஞ்சும். அதைப் பார்த்து முகவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அதில் நியாயம் உண்டு.

காலை ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு. அதற்கு முன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று முகவர்களுக்குக் காட்டி, காகித முத்திரையில் அவர்களிடமும் கையெழுத்து வாங்கி மூட வேண்டும். முகவர்களை எதிரிகளாகப் பார்க்கும் பழக்கம் புதிய அலுவலர்களுக்கு உண்டு. தேவையில்லை. ஊரில் யார் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்; ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். சீட்டை எப்படி மடிப்பது என்று சொல்லிக் கொடுங்கள்: முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. மாற்றி மடித்தால் ஈரமான முத்திரை மை எதிர்ச் சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டுப்பதிவு முடியும் நேரம் வந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கு எண் எழுதிய துண்டுச் சீட்டுக் கொடுப்போம். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் நீங்கள் கடைசிக்குப் போவதற்குள் வரிசை பத்துப் பேர் நீண்டிருக்கும்.

அக்கா மகளுக்கு வருகிறேன். அரசு வேலையிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ இல்லாதவர் பொதுவாக வாக்குச்சாவடி அலுவலராக முடியாது. வேட்பாளர் யாராவது நியமித்தால் முகவராக உட்காரலாம். முகவர் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் கண்முன்னே நடக்கும். தன் பெயர் வார்டுப் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைக்கலாம். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. இருபத்தொரு வயது முடிந்திருந்தால் வார்டு உறுப்பினருக்கு நிற்கக்கூடச் செய்யலாம், பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கீடு இருக்கிறது என்றேன். "ஆசிரியர் வேலை கிடைச்சா ஆர்டர் வருமில்ல, அது போதும் மாமா" என்றாள். கணிதக்காரி, எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கடைசிக் கட்டம் பெட்டியை ஒப்படைப்பது. அரக்கு வைத்து, உறைகளை எல்லாம் ஒட்டி, மண்டல வண்டியில் ஏறி ஒன்றிய அலுவலகம் போய்ச் சேரும்போது நடுராத்திரி ஆகியிருக்கும். டேபிளுக்கு முன்னால் நீள வரிசை. பக்கத்துச் சாவடித் தலைமை அலுவலர் ஒருவர் பெட்டியின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி மேசைமேல் வைத்தோம். வாங்குகிறவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி, "கணக்குப் படிவம் எங்க சார்?" என்றார்.